தாய்லாந்து எழுத்து தரவுத்தளத்தில் சிதைந்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

தாய்லாந்து எழுத்து சிதைந்து வருகிறது என்றதும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, டேபிளின் கேரக்டர் செட்டை (எழுத்தை எந்த பைட்டாகச் சேமிப்பது என்ற முறை) எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 ஆக மாற்றிப் பார்ப்பது. தயவுசெய்து அதைக் கடைசியில் செய்யுங்கள். சில நேரம் அது பலிக்கும். மற்ற நேரம், சுலபமாக மீட்டிருக்கக்கூடிய தரவை இன்னும் ஒரு சுற்று சிக்கலாக்கிவிடும். எந்த இடத்தில் கெட்டது என்று பிடித்துவிட்டால், சரிசெய்வது பெரும்பாலும் இரண்டு வரிக் கட்டளைதான்.

மைஎஸ்க்யூஎல்லை மையமாக வைத்து எழுதுகிறேன். போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களையும் வாசிக்கும் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன்: பைட்டைப் பாருங்கள்

திரையில் தெரிவது இணைப்பு, நிரல், உலாவி, எழுத்துரு என்று பல கை மாறி வந்தது. உள்ளே உண்மையில் என்ன கிடக்கிறது என்பதை ஹெக்ஸ்தான் சொல்லும். மைஎஸ்க்யூஎல்லில் 'செலக்ட் ஹெக்ஸ்(பெயர்)' போதும் ('பெயர்' என்ற இடத்தில் உங்கள் ஃபீல்டைப் போட்டுக்கொள்ளுங்கள்). போஸ்ட்கிரெஸில் 'என்கோட்(கன்வர்ட்_டு(பெயர், 'யூடிஎஃப்8'), 'ஹெக்ஸ்')'. ஆரக்கிளில் 'டம்ப்(பெயர், 1016)'. இது ஃபீல்டின் கேரக்டர் செட் பெயரையும் சேர்த்துக் காட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் வேர்பைனரியாக கேஸ்ட் செய்து பாருங்கள்.

தாய்லாந்துக்காரர்கள் வணக்கத்துக்குச் சொல்லும் 'ஸவத்டீ'யை வைத்துக்கொள்வோம். அதில் ஆறு குறிகள்: நான்கு மெய், இரண்டு மேற்குறி. அது தரவுத்தளத்தில் இப்படியெல்லாம் கிடக்கலாம்.

'ஈ0 பி8 ஏஏ, ஈ0 பி8 ஏ7…' என்று 18 பைட் இருந்தால் அது சரியான யூடிஎஃப்-8. யூனிகோடில் தாய்லாந்து எழுத்துகள் 0ஈ00 முதல் 0ஈ7எஃப் வரையான பகுதியில் இருப்பதால், ஒவ்வொன்றும் மூன்று பைட். தொடக்கம் எப்போதும் ஈ0 பி8 அல்லது ஈ0 பி9. தமிழுக்கு இதுவே ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்று வரும். இரண்டு மொழியும் ஒரே டேபிளில் இருந்தால் இரண்டாவது பைட்டைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

'சிஏ சி7 டி1 சிஏ பி4 டி5' என்று ஆறே பைட் இருந்தால் அது டிஐஎஸ்-620, தாய்லாந்தின் பழைய தொழில்தரக் குறியாக்கம். அதன் முழு எண் 620-2533. பின்னால் இருப்பது பௌத்த ஆண்டு, நம் கணக்கில் 1990. இந்த பைட் ஒவ்வொன்றோடும் ஹெக்ஸ் டி60-ஐக் கூட்டினால் யூனிகோட் எண் வந்துவிடும். இதன் விண்டோஸ் வடிவம் விண்டோஸ்-874. அதில் வளைந்த மேற்கோள் குறி, யூரோ குறி போன்ற சில கூடுதலாக உண்டு.

'சி3 ஏ0 சி2 பி8 சி2 ஏஏ…' என்று ஆரம்பித்தால் இரண்டு தடவை யூடிஎஃப்-8 ஆக்கப்பட்ட தரவு. மீட்கலாம்.

'3எஃப் 3எஃப் 3எஃப்…' என்றாலோ, 'ஈஎஃப் பிஎஃப் பிடி' திரும்பத் திரும்ப வந்தாலோ எழுத்து போய்விட்டது. முதலாவது கேள்விக்குறி, இரண்டாவது 'இங்கே ஏதோ இருந்தது' என்று மட்டும் சொல்லும் மாற்றுக்குறி.

அறிகுறி: கேள்விக்குறிகள்

ஹெக்ஸ் 3எஃப் என்று சொன்னால், எந்தக் கட்டளையும் அந்த வரிசையை (டேபிளின் ரோவை) திருப்பித் தராது. மூலக் கோப்பையோ பேக்கப்பையோ தேடிப் போங்கள். அதற்கு முன், புதிதாக வருவதும் கெடாமல் நிறுத்த வேண்டும்.

கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள். 'ஸவத்டீ'க்கு ஆறு கேள்விக்குறி என்றால், வந்தது தாய்லாந்து எழுத்து என்று அமைப்புக்குத் தெரிந்திருக்கிறது; போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அதற்கு இடமில்லை. அதாவது ஃபீல்டு லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான கேரக்டர் செட்) ஆக இருக்கிறது, அல்லது இணைப்பு லத்தீன்1 ஆக இருக்கிறது. பதினெட்டு என்றால், பைட்டுகளை ஒவ்வொன்றாக அறியாத எழுத்தாக எண்ணி யாரோ தள்ளியிருக்கிறார்கள். நடுவில் ஆஸ்கி மட்டும் தெரிந்த ஏதாவது ஸ்கிரிப்ட் இருக்கும்.

மைஎஸ்க்யூஎல்லில் 'ஷோ வேரியபிள்ஸ் லைக் 'கேரக்டர்_செட்%'' போட்டு, க்ளையண்ட், கனெக்ஷன், ரிசல்ட்ஸ் மூன்றும் யூடிஎஃப்8எம்பி4 தானா என்று பாருங்கள். முக்கியமாக, உங்கள் நிரல் திறக்கும் இணைப்பிலிருந்தே பார்க்க வேண்டும். கமாண்ட் லைனில் பார்த்து 'எல்லாம் சரியாக இருக்கிறதே' என்று சொல்வதில் பயனில்லை. பிஎச்பி என்றால் மைஎஸ்க்யூஎல்ஐயின் 'செட்_கேர்செட்', பிடிஓ என்றால் இணைப்புச் சரத்திலேயே 'கேர்செட்', பைதானில் பைமைஎஸ்க்யூஎல்லுக்கு 'கேர்செட்' அளவுரு. சர்வர் பதிப்பு 5.7 வரை இயல்புநிலை லத்தீன்1, 8.0 முதல்தான் யூடிஎஃப்8எம்பி4. பழைய சர்வரில் உருவான டேபிள் புதிய சர்வருக்கு வந்தாலும் லத்தீன்1 ஆகவே வரும். 'ஆல்டர் டேட்டாபேஸ்' போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது இனி உருவாகும் டேபிள்களுக்குத்தான்.

எஸ்க்யூஎல் சர்வரில் காரணம் வேறு. ஃபீல்டு என்வேர்கேர் ஆக இருந்தும் கேள்விக்குறி வருகிறதா? மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்தச் சரம் முதலில் தரவுத்தளத்தின் கோட் பேஜுக்கு (பழைய பாணி கேரக்டர் செட்) மாறி, அங்கேயே கேள்விக்குறியாகி, அப்புறம்தான் என்வேர்கேருக்குள் போகிறது. நேரடியாகச் சரம் ஒட்டும் பழைய நிரல்களில் இதுதான் முதல் சந்தேகம்.

ஹெக்ஸ் சரியாக இருந்து திரையில் மட்டும் கேள்விக்குறி என்றால் தரவைத் தொடாதீர்கள். சிக்கல் வெளியே வரும் வழியில்: ரிசல்ட்ஸ் கேரக்டர் செட், அல்லது விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்.

அறிகுறி: தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஆங்கில எழுத்துகள்

இதில் இரண்டு ரகம். பார்த்ததுமே பிரித்துவிடலாம்.

முதல் ரகத்தில், சாய்கோடு போட்ட சின்ன 'ஏ'யும் அடுத்து ஒரு செடில்லா வாலும் மூன்று எழுத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். ஈ0 பி8 என்பதை லத்தீனாக வாசித்தால் தெரிவது அதுதான். இது யூடிஎஃப்-8 தரவை லத்தீனாகப் படித்த கேஸ். இரண்டாவது ரகத்தில் அப்படி எந்த ஒழுங்கும் இருக்காது. பெரும்பாலும் பெரிய எழுத்துகள், தலையில் கூரை, அலை, புள்ளி. 'ஸவத்டீ' ஆறே எழுத்தாகத் தெரியும். இது டிஐஎஸ்-620 தரவை லத்தீனாகப் படித்தது.

இப்போது ஹெக்ஸையும் ஃபீல்டின் கேரக்டர் செட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஃபீல்டு லத்தீன்1, உள்ளே ஈ0 பி8: பழைய நிரல் 'நான் லத்தீன்' என்று சொல்லிக்கொண்டு யூடிஎஃப்-8 பைட்டுகளைத் திணித்திருக்கிறது. அதே பொய்யைச் சொல்லியே வெளியே எடுப்பதால், பழைய நிரலில் எல்லாம் அழகாகத் தெரியும். புதிய நிரல் உண்மையைச் சொல்லிக் கேட்கும் நாளில்தான் குப்பை வரும். இங்கே 'கன்வர்ட் டு கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4' போட்டால் நாசம்: சர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தென்று நம்பி மாற்றி, இரட்டைக் குறியாக்கத்தை நிரந்தரமாக்கிவிடும். செய்ய வேண்டியது, ஃபீல்டை முதலில் வேர்பைனரியாக 'மாடிஃபை' செய்வது; அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 வேர்கேராக இன்னொரு 'மாடிஃபை'. பைனரி வழியாகப் போனால் சர்வர் பைட்டைத் தொடாது, பெயர்ப்பலகை மட்டும் மாறும். நாட் நல், டீஃபால்ட் எல்லாவற்றையும் இரண்டாவது கட்டளையில் மறுபடி எழுதுங்கள், இல்லாவிட்டால் கழன்றுவிடும்.

ஃபீல்டு லத்தீன்1, உள்ளே சிஏ சி7 மாதிரி ஒற்றை பைட்டுகள்: அதே பைனரி வழிதான், ஆனால் நடுவில் ஒரு படி கூடுதல். வேர்பைனரி, பிறகு டிஐஎஸ்620, பிறகு யூடிஎஃப்8எம்பி4. மைஎஸ்க்யூஎல்லுக்கு டிஐஎஸ்620 தெரியும், விண்டோஸ்-874 தெரியாது. ஆகவே வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்கள் (91 முதல் 94 வரையான பைட்டுகள்) இருந்தால் அவை இந்த வழியில் தப்பாது. அப்படிப்பட்ட தரவை டம்ப் எடுத்து, வெளியே ஐகான்வ் என்ற மாற்றும் கருவி கொண்டு சிபி874-இலிருந்து (விண்டோஸ்-874-தான்) யூடிஎஃப்-8 ஆக்கி ஏற்றுவதே மேல்.

ஃபீல்டு யூடிஎஃப்8எம்பி4, உள்ளே சி3 ஏ0 சி2 பி8: இரட்டைக் குறியாக்கம். மாற்றும் சூத்திரம் 'கன்வர்ட்(கேஸ்ட்(கன்வர்ட்(பெயர் யூசிங் லத்தீன்1) ஏஸ் பைனரி) யூசிங் யூடிஎஃப்8எம்பி4)'. எல்லா வரிசைக்கும் போடாதீர்கள். ஒரே டேபிளில் நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருக்கும். நல்ல வரிசை இதில் மாட்டினால் கேள்விக்குறியாகிவிடும். 'வேர் ஹெக்ஸ்(பெயர்) ரெகெக்ஸ்ப் '^(..)*சி3ஏ0சி2பி[89]'' என்று வடிகட்டுங்கள். முன்னால் அந்த இரண்டு புள்ளி எதற்கென்றால், ஹெக்ஸில் பாதி பைட்டிலிருந்து பொருந்தித் தப்பான வரிசை வந்துவிடாமல் இருக்க. டேபிளின் நகலில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மீட்பை மைஎஸ்க்யூஎல்லுக்குள் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பைதானில் சிபி1252 (விண்டோஸின் லத்தீன்) கொண்டு செய்தால், தாய்லாந்து நெடுங்கணக்கின் முதல் எழுத்தான 'கோ காய்'யிலேயே முட்டி நிற்கும். அதன் மூன்றாவது பைட் 81. சிபி1252-இல் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஐந்து இடமும் காலி. மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 அந்தக் காலியிடங்களையும் அப்படியே கடத்திவிடும். கறாரான நிரல்கள் கடத்தாது. பைதானில்தான் செய்ய வேண்டும் என்றால் எஃப்டிஎஃப்ஒய் நூலகத்தில் இதற்கென்றே தளர்த்திய ஒரு சிபி1252 இருக்கிறது.

இன்னொரு பொறி 'போ ஸம்பாவ்' என்ற எழுத்து, புக்கெட் என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்து. அதன் கடைசி பைட் ஏ0. லத்தீனாகப் படித்தால் அது உடையா வெற்றிடம் (வரி உடையக் கூடாத இடத்தில் விடும் இடைவெளி). நடுவில் யாராவது எடிட்டரிலோ இறக்குமதி ஸ்கிரிப்டிலோ உடையா வெற்றிடத்தைச் சாதா வெற்றிடமாக மாற்றியிருந்தால், மற்ற ஊரெல்லாம் மீண்டு வரும், புக்கெட் மட்டும் வராது. அப்படி உடைந்த வரிசைகளில் சி3 ஏ0 சி2 பி8-க்கு அடுத்து 20 நிற்கும். அதை சி2 ஏ0 ஆக்கிவிட்டு மீட்பை ஓட்டுங்கள்.

அறிகுறி: தாய்லாந்து எழுத்துதான், ஆனால் வாசித்தால் அர்த்தமே இல்லை

தாய்லாந்து எழுத்து தெரியாதவர்களை ஏமாற்றும் அறிகுறி இது. திரையில் தாய்லாந்து எழுத்து வருகிறது என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். பாங்காக்கிலிருந்து மறுபடி திறப்பார்கள்.

உற்றுப் பாருங்கள்: ஒற்றைக்கொம்பு மாதிரி ஒரு குறியும், அடுத்து 'தோ தொங்' அல்லது 'நோ நூ' எழுத்தும் சலிக்காமல் மாறி மாறி வருகிறதா? யூடிஎஃப்-8 பைட்டுகளை டிஐஎஸ்-620 என்று யாரோ படித்திருக்கிறார்கள். ஈ0 என்பது அங்கே அந்தக் கொம்பு, பி8 'தோ தொங்', பி9 'நோ நூ'. அந்த எழுத்துகளின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஜோடி மூன்று எழுத்துக்கு ஒருமுறை திரும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

பெரும்பாலும் காரணம் தாய்லாந்து விண்டோஸில் ஓடும் எக்செல், நோட்பேட், அல்லது ஒரு பழைய அறிக்கை நிரல். தரவுத்தளத்தில் ஹெக்ஸ் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கோப்பை அப்படியே சேமித்துத் திரும்ப ஏற்றியிருந்தால், உள்ளே ஈ0 பி9 80 ஈ0 பி8 98 என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். அதை மேலே சொன்ன சூத்திரத்தாலேயே, லத்தீன்1 இடத்தில் டிஐஎஸ்620 போட்டு, ஓரளவு மீட்கலாம். ஓரளவு என்றது ஏனென்றால், 80 முதல் 9எஃப் வரையான பைட்டுகளில் பலவற்றுக்கு அங்கே எழுத்தே கிடையாது. 'கோ காய்' இங்கேயும் பலியாகியிருக்கலாம்.

அறிகுறி: உள்ளே போகவே மறுக்கிறது

பிழைச்செய்தி வருவது நல்லது. கேள்விக்குறியாகப் போய் உட்காருவதைவிட எவ்வளவோ மேல்.

மைஎஸ்க்யூஎல் 1366, 'இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ'. செய்தியில் காட்டும் பைட்டைப் படியுங்கள். ஈ0 பி8 என்றால் வந்தது சரி, ஃபீல்டுதான் லத்தீன். சிஏ சி7 மாதிரி என்றால், நிரல் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டு டிஐஎஸ்-620 அனுப்புகிறது. எஃப்0 9எஃப் என்றால் தாய்லாந்து எழுத்தே குற்றவாளி இல்லை, எமோஜி. பழைய மூன்று பைட் 'யூடிஎஃப்8'-இல் ஃபீல்டு இருக்கிறது, எம்பி4-க்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 'இன்வேலிட் பைட் சீக்வென்ஸ்' என்று கத்துவதும் பெரும்பாலும் இரண்டாவது கேஸ்தான். அங்கே 'செட் க்ளையண்ட்_என்கோடிங் டு வின்874' போட்டுவிட்டு ஏற்றினால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

ஆரக்கிளில் ஓஆர்ஏ-12899. 'க்ருங் தேப்' என்று பாங்காக்கின் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எழுத ஏழே குறிகள்தான். ஏஎல்32யூடிஎஃப்8 தரவுத்தளத்தில் அது வேர்கேர்2(20) ஃபீல்டுக்குள் நுழையாது: 'ஆக்சுவல் 21, மேக்சிமம் 20'. இயல்பாக அங்கே 20 என்பது 20 பைட். '20 கேர்' என்று எழுதுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் 2019-இல் வந்த யூடிஎஃப்-8 கொலேஷன்களிலும் (கொலேஷன் என்பது எழுத்தை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) வேர்கேர் அளவு பைட்டில்தான். தாய்லாந்து எழுத்துக்கு என்வேர்கேர் இரண்டு பைட், யூடிஎஃப்-8 மூன்று பைட். ஆகவே அங்கே யூடிஎஃப்-8-க்கு மாறுவதால் இடம் மிச்சமாகாது, என்வேர்கேரிலேயே இருந்துவிடுங்கள்.

அறிகுறி: மாகாணப் பட்டியல் தாறுமாறாக வருகிறது

பாங்காக்கையும் சேர்த்து 77 மாகாணங்கள். பட்டியலை வரிசைப்படுத்திக் கேட்டால் உபோன் ராட்சதானியோடு முடிய வேண்டும். ஆனால் அதற்கும் கீழே சியாங் ராய், சியாங் மாய், பெச்சபுரி, பெச்சபூன், லோய், பிரே, மே ஹோங் சோன் என்று ஏழு மாகாணங்கள் வந்து ஒட்டிக்கொண்டிருந்தால், கொலேஷன் தாய்லாந்து முறை அறியாதது.

காரணம் சுவையானது. தாய்லாந்து எழுத்து பல்லவ எழுத்து வழிவந்த கெமர் எழுத்திலிருந்து பிறந்தது. நம்மைப் போலவே மெய்யின் இடப்பக்கம் நிற்கும் கொம்புகள் அங்கேயும் உண்டு, ஐந்து. நாம் 'கெ' என்று எழுதினால் கணினியில் முதலில் க, பிறகுதான் கொம்பு. தாய்லாந்தில் டிஐஎஸ்-620 காலத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் சேமிக்கிறார்கள்: முதலில் கொம்பு, பிறகு மெய். யூனிகோடும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கொம்புகளின் எண்கள் மெய்களுக்கெல்லாம் பின்னால் வருவதால், வெறும் எண்வரிசையில் கொம்பில் தொடங்கும் பெயர் எல்லாம் அடியில் போய் விழுகிறது. அகராதி முறைப்படி சியாங் மாய் வர வேண்டியது சும்போனுக்குப் பின்னால், சியாங் ராயை அடுத்து.

போஸ்ட்கிரெஸ் 10 முதல் 'கொலேட் "டிஎச்-எக்ஸ்-ஐசியூ"' என்று ஆர்டர் பையில் போட்டால் முடிந்தது. இரட்டை மேற்கோள் கட்டாயம். மரியாடிபியில் 'யூடிஎஃப்8எம்பி4_தாய்_520_டபிள்யூ2'. எஸ்க்யூஎல் சர்வரில் 'தாய்_100_சிஐ_ஏஎஸ்'. மைஎஸ்க்யூஎல்லில் வரிசைப்படுத்த மட்டும் 'கன்வர்ட்(பெயர் யூசிங் டிஐஎஸ்620) கொலேட் டிஐஎஸ்620_தாய்_சிஐ' போடலாம். 77 ரோவுக்கு இது தாராளம், பத்து லட்சம் ரோவுக்கு வரிசைப்படுத்தும் சாவியைத் தனி ஃபீல்டில் கணக்கிட்டு வையுங்கள். எஸ்க்யூலைட்டில் ஐசியூ (யூனிகோட் நூலகம்) சேர்க்காவிட்டால் எண்வரிசைதான் கிடைக்கும். நிரலில் வரிசைப்படுத்துவதே எளிது.

அறிகுறி: கண்முன்னே இருக்கிற பெயர் தேடினால் கிடைக்கவில்லை, இல்லாத பெயர் 'டூப்ளிகேட்' என்கிறது

முதலில் கிடைக்காதது. தாய்லாந்து எழுத்தில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு சரங்கள் வெவ்வேறு பைட்டாக இருக்க முடியும். இரட்டைக்கொம்புக்குத் தனி எழுத்து உண்டு, 0ஈ41. ஆனால் ஒற்றைக்கொம்பை (0ஈ40) இரண்டு தடவை தட்டினாலும் திரையில் வித்தியாசம் தெரியாது. அதேபோல் தண்ணீரைக் குறிக்கும் 'நாம்': சரியான வரிசை 0ஈ19, 0ஈ49, 0ஈ33. சிலர் கடைசிக் குறியைப் பிரித்து, மேல்வட்டம் 0ஈ4டி, தொனிக்குறி 0ஈ49, கால் 0ஈ32 என்று தட்டுவார்கள். தெரிவது ஒன்றே.

'யூனிகோட் நார்மலைஸ் பண்ணினால் போச்சு' என்று தோன்றும். ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் அந்த வேலையில் என்எஃப்சி, என்எஃப்கேசி என்று வகைகள் உண்டு. என்எஃப்சி இவற்றைத் தொடாது. என்எஃப்கேசி இன்னும் மோசம், 0ஈ33-ஐ உடைத்து 0ஈ4டி, 0ஈ32 ஆக்கிவிடும். தேடல் பெட்டிக்கு மட்டும் அதைப் போட்டு, சேமிக்கும்போது போடாமல் விட்டால் எதுவுமே பொருந்தாது. தாய்லாந்துக்கென்று விதி எழுத வேண்டும்: இரண்டு ஒற்றைக்கொம்பை ஓர் இரட்டைக்கொம்பாக்கு, மேல்வட்டம், தொனி, கால் என்று வந்தால் தொனி, 0ஈ33 என்று திருத்து, பூஜ்ய அகல வெற்றிடத்தை (ஈ2 80 8பி) எடுத்துவிடு. பைதாய்என்எல்பியின் நார்மலைஸ் இந்த வேலைகளைச் செய்யும். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே விதி ஓட வேண்டும்.

அடுத்து டூப்ளிகேட். 'மா' என்றால் வா. அதே எழுத்தின் மேல் ஒரு தொனிக்குறி போட்டால் குதிரை. மைஎஸ்க்யூஎல் 8.0-இன் இயல்பான 'யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ' கொலேஷனுக்கு இரண்டும் ஒன்றுதான். 'ஏஐ' என்பது உச்சரிப்புக் குறிகளைக் கண்டுகொள்ளாதே என்று பொருள். தொனிக்குறிகளும் அதில் அடங்கிவிடுகின்றன. ஐரோப்பிய மொழிக்கு வசதி, இங்கே பிழை 1062. தனித்த சாவி உள்ள ஃபீல்டுகளுக்கு 'ஏஎஸ்_சிஐ' அல்லது 'பின்' போடுங்கள். தேடல் பெட்டிக்கு ஏஐ இருப்பதில் தவறில்லை. தொனிக்குறியை விட்டுவிட்டுத் தேடுபவருக்கும் முடிவு கிடைக்கும்.

முழு உரைத் தேடல் ஒரு தனிக்கதை. தாய்லாந்து மொழியில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதில்லை. சாதாரண ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் ஒரு வாக்கியம் முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். பிரிப்பதற்கு அகராதி வேண்டும். அகராதி இருந்தாலும் தடுமாறும். 'தா' 'க்ளோம்' என்று பிரித்தால் உருண்டைக் கண், அதையே 'தாக்' 'லோம்' என்று பிரித்தால் காற்று வாங்குவது. எழுத்தில் இரண்டும் ஒரே சரம். எலாஸ்டிக்சர்ச்சில் தாய்லாந்து டோக்கனைசர் உள்ளேயே இருக்கிறது. தரவுத்தளத்திலேயே முடிக்க வேண்டும் என்றால் மைஎஸ்க்யூஎல்லின் என்கிராம் பார்சரை முயலலாம். சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்காக வந்தது என்றாலும், இடைவெளி இல்லாத இந்த எழுத்துக்கும் ஒப்பேறும். தேவையில்லாத முடிவுகளும் சேர்ந்து வரும்.

அறிகுறி: பெட்டிகள், புள்ளி வட்டம், மிதக்கும் குறிகள்

ஹெக்ஸ் சரியாக இருந்து வெறும் பெட்டிகள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. உங்கள் கணினியில் தெரிந்து, சர்வர் உருவாக்கும் பிடிஎஃப்பில் மட்டும் பெட்டி என்றால், கண்டெய்னரில் எழுத்துரு நிறுவவில்லை. டெபியனில் ஃபாண்ட்ஸ்-தாய்-டிஎல்டபிள்யூஜி தொகுப்பைப் போடுங்கள்.

சில குறிகள் மட்டும் பெட்டியானால் ஹெக்ஸில் ஈஎஃப் 9சி இருக்கிறதா பாருங்கள். உயரமான எழுத்தின் மேல் தொனிக்குறி இடிக்காமலிருக்க, பழைய எழுத்துருக்கள் எஃப்700 தொடங்கி வரும் தனிப்பயன் இடத்தில் நகர்த்திய குறிகளை வைத்திருந்தன. பழைய பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய உரையில் அவை ஒட்டிக்கொண்டு வரும். அவற்றுக்குரிய சரியான குறியாக மாற்றிச் சேமியுங்கள்.

புள்ளியிட்ட வட்டத்தின் மேல் குறி தனியாக நின்றால், யாரோ சரத்தை மெய்க்கும் குறிக்கும் நடுவில் வெட்டியிருக்கிறார்கள். சரத்தை 50 எழுத்துத் துண்டுகளாக வெட்டும் வரியைத் தேடுங்கள். பைட் கணக்கில் வெட்டினால் மாற்றுக்குறி, எழுத்துக் கணக்கில் வெட்டினால் அடுத்த துண்டின் தொடக்கத்தில் இந்த வட்டம். கிராஃபீம் (மெய்யும் அதன் குறிகளும் சேர்ந்த ஓர் அலகு) கணக்கில் வெட்ட வேண்டும்.

பிடிஎஃப்பில் தொனிக்குறி உயிர்க்குறியின் மேலேயே ஏறி அமர்ந்தால், அந்த நூலகம் ஓபன்டைப் வடிவமைப்பு விதிகளைப் படிக்கவில்லை. குறிகளைச் சரியான இடத்தில் வைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் ஒன்றுக்கோ, உலாவி வழி பிடிஎஃப்புக்கோ மாறுங்கள். வரி உடையாமல் பக்கத்தைத் தாண்டி ஓடும் சிக்கலும் பெரும்பாலும் அதோடு தீரும், உலாவிகள் அகராதி வைத்து வரியை உடைப்பதால். வலைப்பக்கத்தில் தொனிக்குறியின் தலை மட்டும் வெட்டுப்பட்டால் வரி உயரத்தைக் கூட்டுங்கள். அங்கே ஒரு வரியில் கீழ்க்குறி, மெய், மேற்குறி, தொனி என நான்கு அடுக்கு.

அறிகுறி: கோப்பில் ஏற்றி இறக்கும்போது மட்டும் கெடுகிறது

'லோட் டேட்டா' கட்டளை 'செட் நேம்ஸ்' சொல்வதைக் கேட்காது. தரவுத்தளத்தின் இயல்பு கேரக்டர் செட்டைத்தான் பார்க்கும். கட்டளைக்குள்ளேயே 'கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4' என்று எழுதுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை அம்புக்குறியால் கோப்பில் திருப்பினால் அது யூடிஎஃப்-16 ஆகிவிடும். 'ரிசல்ட்-ஃபைல்' விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். எக்செல்லுக்குக் கொடுக்கும் சிஎஸ்வியில் தொடக்கத்தில் ஈஎஃப் பிபி பிஎஃப் சேர்த்தால் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். அதே கோப்பு திரும்பி வரும்போது அந்த மூன்று பைட் முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, 'முதல் ஃபீல்டு மட்டும் காணவில்லை' என்று புகார் வரும்.

அறிகுறி: எண்ணும் தேதியும் ஏற்க மறுக்கின்றன

அரசு ஆவணங்களில் தாய்லாந்து எண்களும் வரும், 0ஈ50 முதல் 0ஈ59 வரை. எண் ஃபீல்டுக்குப் போகும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டு 543 கூடுதலாக இருந்தால் அது பௌத்த ஆண்டு. சேமிப்பது கிரகோரியனில், காட்டுவது மட்டும் அங்கத்திய முறையில். கழிப்பதைத் தேதியாகப் படிப்பதற்கு முன்பே, வெறும் சரமாக இருக்கும்போதே செய்யுங்கள். 2567 பிப்ரவரி 29 என்று வரும் உண்மையான தேதியை (நம் கணக்கில் 2024) தேதி நூலகம் நிராகரிக்கும், 2567 நான்கால் வகுபடாது.